இரண்டு விரல் உயரத்தில் ஒரு மோட்டார்

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுச் சாவி தொலைந்துபோனதால் பிறந்த கதை இது. பூட்டுக்காரரைத் தேடிப் போனேன். கடை சாத்தியிருந்தது. படகுத்துறையில் இருக்கிறார் என்றார்கள். அங்கே போனால், மனிதர் ஒரு குட்டிப் படகின் பின்பலகையில் மோட்டாரை ஏற்றுவதும் இறக்குவதுமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. பள்ளிக்கூட டீச்சர்.

"இன்னும் கொஞ்சம் மேல... ஐயோ, அவ்ளோ வேணாங்க!"

"அஞ்சே நிமிஷம் சார்" என்றார் பூட்டுக்காரர் என்னைப் பார்த்து.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீடு பூட்டிக் கிடந்தால் கிடக்கட்டும், கதை கிடைத்துவிட்டதே!

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

விடியலின் செந்நிறம் நீரில் கரைய, மனிதனும் இயந்திரமும் (சீச்சீ.)

மோட்டார் என்பது வாழ்க்கையின் (இதை நான் எழுதவில்லை, நீங்களும் பார்க்கவில்லை.)

பூட்டுக்காரர் ஸ்பேனரை எடுத்தார். (இது போதும்.)

விஷயம் இவ்வளவுதான். மோட்டாரின் கீழே, தண்ணீரைத் தள்ளும் விசிறி. விசிறிக்குச் சற்று மேலே, படுக்கை வசத்தில் ஒரு தகடு. அந்தத் தகடு படகின் அடிப்பலகையோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ரொம்ப ஏற்றி வைத்தால் விசிறி காற்றைக் குடித்துவிட்டு ஊளையிடும், படகு நகராது. ரொம்ப இறக்கினால் தண்ணீரைக் கடைந்து நம் முகத்திலேயே அடிக்கும். (என் கதைகளில் பாதி முதல் வகை. மீதியைப் பற்றிப் பேச வேண்டாம்.)

டீச்சரின் பள்ளிக்கூடம் அக்கரையில் இருக்கிறது. பஸ்ஸில் போனால் ஊரையே சுற்ற வேண்டும். படகு அதற்குத்தான்.

3

துறையில் நான் பார்த்தது இரண்டே பேரை. இருவரும் கொஞ்சம் சண்டை போட்டு, நிறையச் சிரித்தார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? ஆகவே மூன்றாவதாக ஓர் ஆளை என் கைச்சரக்காகச் சேர்த்தேன். டீச்சரின் அக்கா.

அக்கா பஸ் கண்டக்டராக இருந்தவர். அவருடைய வழித்தடத்தையே நிறுத்திவிட்டார்கள். "நாலு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று தங்கை வீட்டுக்கு வந்தவர், இன்னும் இருக்கிறார். போகச் சொல்லி யாரும் சொன்னதில்லை. இருக்கச் சொல்லியும் யாரும் சொன்னதில்லை. சமையலறையில் பாத்திரம் சற்று பலமாக விழுந்தாலும் தன்னைத்தானோ என்று அவருக்குப் பதறும். அவர் பை கட்டியபடியே கதவோரம் நிற்கிறது. கழுத்தில் மட்டும் பழைய விசில்.

படகில் ஏறியதும் பழக்க தோஷத்தில் நேராகப் பின்சீட்டுக்குப் போனார்.

"தங்கச்சி, முன்னாடி போ! முன்னாடி எடம் காலியா இருக்கு பாரு!"

மூன்று பேரும் உட்கார்ந்திருக்கும்போதே பூட்டுக்காரர் தண்ணீர் மட்டம் பார்த்தார். அக்காவின் கனத்தில் பின்பக்கம் தாழ்ந்து, மோட்டாரும் இறங்கியிருந்தது. இரண்டு விரல் கனத்தில் ஒரு பலகையை மோட்டாருக்கு அடியில் கொடுத்து, போல்ட்டை முடுக்கி, ஸ்பேனரைக் கருவிப்பெட்டியில் போட்டார். கயிற்றை இழுத்தார். படகு பிய்த்துக்கொண்டு போயிற்று! மோட்டார் சத்தத்தையும் மீறி அக்காவின் சிரிப்பு கேட்டது. அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று.

4

பிறகு நான் அக்காவை அடித்துவிட்டேன். (பேனாவால்தான்.) சின்னக் கதைக்கு மூன்று பேர் கூட்டம் என்று தோன்றியது. போதாததற்கு என்னிடமே டிக்கெட் கேட்க ஆரம்பித்திருந்தார்.

மறுபடி கயிற்றை இழுத்தார் பூட்டுக்காரர். மோட்டார் ஊளையிட்டது. படகு இருந்த இடத்தில் இருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"பின்னாடி கனம் இல்ல. விசிறி மேல வந்து காத்தைக் குடிக்குது."

டீச்சர் பின்னால் வந்து உட்கார்ந்தார். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பூட்டுக்காரருக்கு எதிரே எதுவும் தெரியவில்லை. ஒரு மணல் மூட்டையை வைத்துத் தொலைக்கலாமே என்பீர்கள். வைத்தேன். ஓடியது. ஆனால் மணல் மூட்டை சிரிக்கவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

5

அடித்ததை அழித்து, அக்காவைத் திரும்பக் கூட்டி வந்தேன்.

"என்ன சார், நடுவழியில எறக்கி விட்டுட்டீங்களே?" என்றார் என்னிடம். அசடு வழிந்தேன்.

அவர் திரும்பி, "தம்பி, அந்தப் பலகையை உருவிட்டு மோட்டாரை எறக்கி வெச்சா, நான் இல்லாமயே ஓடும்ல?" என்றார்.

பூட்டுக்காரருக்குப் பொய் வராது. "ஓடும்க்கா."

"அப்போ எறக்கிடு. நான் சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்பறேன்."

யாராவது இரு என்று சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் அவர் அப்படிச் சொன்னதே. அக்காவுக்குப் போக ஆசை போலிருக்கிறது என்று நினைத்து, டீச்சர் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

6

முடிவு ஒன்று: பலகை வெளியே வருகிறது. மோட்டார் இரண்டு விரல் இறங்குகிறது. அக்கா பையோடு பஸ் ஏறு...

முடிவு இரண்டு: பலகை அங்கேயே இருக்கிறது. அக்கா தினமும் படகில் போய் வருகிறார். (திரும்பும்போது டீச்சர் இருக்க மாட்டாரே, மூக்கு தூக்குமே என்பவர்களுக்கு: அக்கா நடுவில் உட்காருவார். போதுமா?)

என்னால் ஆகாது. நீங்களே பார்த்துச் செய்யுங்கள். ஸ்பேனர் கருவிப்பெட்டியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

இல்லையா? நன்றாகத் தேடுங்கள். மூன்றாம் பகுதியில் நான்தானே போட வைத்தேன்! பூட்டுக்காரரும் சட்டைப்பை, பலகையடி எல்லாம் துழாவுகிறார். டீச்சர் மட்டும் தேடவில்லை. தோளில் மாட்டிய பள்ளிக்கூடப் பையை இறுக்கிப் பிடித்திருக்கிறார். அதன் வாயில் ஓர் இரும்பு முனை எட்டிப்பார்க்கிறது. சத்தியமாக நான் அதை அங்கே எழுதவில்லை.

அக்காவும் பார்த்துவிட்டார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் பின்சீட்டுக்குப் போனார்.

"பூட்டுக்காரரே, என் வீட்டுப் பூட்டு!" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"ஏறுங்க சார், நடுவுல எடம் இருக்கு!" என்றார் அக்கா.

நான் கொஞ்சம் கனத்த சரீரம். நான் ஏறினால் அந்த இரண்டு விரல் கணக்கு என்ன ஆகும்? ஏறட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள். அக்கா விசிலை வாயில் வைத்துவிட்டார்.