டெல்லா ஹ்ரூபி ரிப்பனைக் குறைக்கச் சொன்ன கதை

1

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் மாவட்டக் கண்காட்சியில் பதினாலு வயதுப் பெண்ணொருத்தி, தன் ரொட்டிக்குக் கிடைத்த முதல் தர நீல ரிப்பன் அதிகம், குறைத்துக் கொடுங்கள் என்று நடுவரோடு சண்டை போட்டாள். போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொட்டகைப் பன்றிகள் அத்தனையும் வாயடைத்து நின்றன.

நம்ப மாட்டீர்கள். நடுவரே ஒப்புக்கொள்ளவில்லை. கதை பிறந்ததே அதனால்தான். அன்றைய ரொட்டி நடுவர் ஆர்வில் ஸ்டென்செல் என் சிநேகிதன். "அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல" என்று காபிக் கடையில் ஊருக்கே கேட்கும்படி சாதிக்கிறான். ரிப்பன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே நின்றவன் நான். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பொன்னிறக் காலையில் டெல்லா ஹ்ரூபி..."

வேண்டாம். அந்தக் காலை பொன்னிறமாக இல்லை. ஆலங்கட்டி மழை பெய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஹ்ரூபி வீட்டு மக்காச்சோளம் முழுக்கத் தரையோடு தரை. (ஒவ்வொரு கட்டியும் பூசணிக்காய் அளவு என்று எழுதியிருந்தேன். ஆர்வில் அதை அடித்துவிட்டு 'கோல்ஃப் பந்து' என்று திருத்தினான்.)

இரண்டாவது தொடக்கம்: டெல்லா தன் ரொட்டியை வைத்ததும் மேசை முனகியது.

இது இருக்கட்டும்.

3

இந்த ரிப்பன்களைத் தரும் எங்கள் இளைஞர் மன்றத்தில் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவதில்லை. நல்ல ரொட்டி எப்படி இருக்கவேண்டும் என்று ஓர் அளவுகோல் உண்டு. எட்டினால் நீலம், கொஞ்சம் குறைந்தால் சிவப்பு, நிறையக் குறைந்தால் வெள்ளை. நன்றாகச் சுட்டால் ஊர்ப்பிள்ளைகள் எல்லோருக்குமே நீலம்தான்.

ஆர்வில் ரொட்டியை வெட்டினான். நடுவில் வேகாத மாவு, பசை மாதிரி. (சிக்கிய கத்தியை நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். சரி, ஒருவர்.) டெல்லாவின் முகத்தைப் பார்த்தான். சாய்ந்து கிடந்த சோளம் ஞாபகம் வந்திருக்கும். நீல ரிப்பனை எடுத்தான்.

"நடுவுல வேகலையே, மிஸ்டர் ஸ்டென்செல்."

"மேலோடு பிரமாதம், கண்ணு."

"உள்ள பச்சை மாவு. நீங்களும்தான் பாத்தீங்க."

"உங்க வீடு இப்ப இருக்கிற நெலமையில நீ ரொட்டி சுட்டதே பெரிசும்மா."

"அது எங்க வீட்டு நெலமைக்கு ரிப்பன். ரொட்டிக்கு என்ன?"

ஆர்வில் நீல ரிப்பனை அவள் பக்கம் நீட்டினான்.

"இதுக்கே நீலம்னா, நான் ஒழுங்கா சுட்டுக் கொண்டு வர்ற அன்னிக்கு எதைக் குடுப்பீங்க? சிவப்பு குடுங்க."

4

இந்த இடத்தில் ஆர்வில் தாளைப் பிடுங்கிவிட்டான்.

"யோவ், எந்தப் புள்ளையாவது இப்படிப் பேசுமா? இதெல்லாம் நீ எழுதிக் குடுத்த வசனம்!"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. திமிர் பிடித்தவளோ? பரிதாபப்பட்டால் பிடிக்காதவளோ? யோசித்துப் பார்த்தேன். தன் ரொட்டி எங்கே நிற்கிறது என்று ஒரு நடுவர் வாயால் நிஜம் வரவேண்டும், அதைத்தான் கேட்டாள். அது வராவிட்டால் அடுத்த வருடம் எதைத் திருத்துவாள்?

முடிவு ஒன்று: ஆர்வில் சிவப்பைக் கொடுத்தான், பன்றிகள் கைதட்டின.

முடிவு இரண்டு: நீலத்தையே அவள் கையில் திணித்தான், அவள் அதற்கப்புறம் மாவையே தொடவில்...

"ரெண்டும் புளுகு," என்றான் ஆர்வில்.

"அப்ப 'இது நடக்கவே இல்ல'ன்னு கீழ எழுதிக் கையெழுத்துப் போடு."

பேனாவை வாங்கினான். எழுதவில்லை.

5

வாசகரே, எந்த ரிப்பன் போனது என்று நான் சொல்லப்போவதில்லை. கத்தியில் மாவு ஒட்டியிருக்கிறது. எதிரே நிற்கிறவள் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

ஆர்வில் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

"நடந்துச்சுய்யா," என்றான். "ஆனா உண்மைய அப்படியே எழுத உனக்கே தைரியம் வரல. அவ எங்க சிவப்பு கேட்டா? வெள்ளையைத்தானே கேட்டா!"