காலனி ஸ்டாப்

ஒற்றை விசில் அடித்தால் பஸ் நிற்கும். இரட்டை விசிலுக்குக் கிளம்பும். எழுபதாம் வருஷம் தாமல் பக்கத்து ரூட்டில் போடும்வரை கண்டக்டர் சிட்டிபாபுவின் உத்தியோகம் அவ்வளவு சுலபமாகத்தான் இருந்தது.

காஞ்சிபுரம் போகும்போது முதலில் காலனி, ஒரு மைல் தள்ளி ஊர். காலனியில் நிறுத்தினால் அந்த ஜனங்கள் உட்கார்ந்து வருவார்கள், ஊர்க்காரர்கள் நிற்க வேண்டிவரும். அது ஆகுமா? அதனால் ஊர்ப் பெரியவர் கோதண்டபாணி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். காலனி ஜனங்கள் ஊருக்கு நடந்து வந்து, எல்லோரும் ஏறிய பிறகு ஏற வேண்டும். பழைய கண்டக்டர் அதை மீறினார். சாயங்கால ட்ரிப்பில் புளியமரத் திருப்பத்தில் பறந்து வந்த கல் அவர் கண்ணைக் கொண்டுபோனது. எறிந்தது யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம். நல்ல ஊர்.

மூன்று மாதமாக சிட்டிபாபு காலனி ஸ்டாப் வந்ததும் விசில் அடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். டிக்கெட் எல்லோருக்கும் ஒரே விலைதானே என்று மனசு முணுமுணுக்கும். கண் இரண்டும் வேண்டுமே என்று பயம் பதில் சொல்லும்.

அன்று காலனி ஸ்டாப்பில் கங்கையம்மாள் நின்றிருந்தாள். நிறைமாதம். போன வாரம் ஊர்வரை நடந்து வந்து, படியேற முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டவள். அவளை விட்டுவிட்டு இரட்டை விசில் அடித்தது இவன்தான். அதிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒற்றை விசில் அடித்துவிட்டான்.

டிரைவர் பரமசிவம் திரும்பி, நிஜமாகத்தான் அடித்தாயா என்று கேட்டார். இவன் தலையாட்டினான். பஸ் நின்றது.

காலி சீட் இருந்தும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரும்மா," என்றான். சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள்.

ஊரில் கோதண்டபாணி ஏறினார். யாரோ எழுந்து இடம் கொடுத்தும் அவர் உட்காரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு டிக்கெட்டை வாங்கினார்.

"சாயங்கால ட்ரிப்பும் நீதானப்பா?"

"ஆமாங்க," என்றான் சிட்டிபாபு.

சாயங்காலம் காஞ்சிபுரம் ஸ்டாண்டில், காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று படியோரம் நின்று தவித்தான். ஆஸ்பத்திரிச் சீட்டோடு கங்கையம்மாள் வந்தாள். காலையில் கேட்ட கேள்வி அவள் காதிலும் விழுந்திருந்தது.

"நீ வரலைன்னாலும் நான் அங்கதாம்பா போயாவணும்," என்றாள்.

ஏறினாள். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். சிட்டிபாபு பின்னாலேயே ஏறி விசிலை வாயில் வைத்தான். உதடு காய்ந்து வெறும் காற்றுதான் வந்தது. நாக்கால் நனைத்துக்கொண்டு மறுபடி அடித்தான், இரண்டு.