மூன்றாவது ஏர்பிரஷ்

பந்தயத்தில் விடும் ரிமோட் பொம்மைக் காரின் மேல்கூட்டில், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்கு உள்பக்கமாகத்தான் வண்ணம் அடிப்பார்கள். முதலில் அடித்ததுதான் வெளியே தெரியும்; பிறகு திருத்தவே முடியாது. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் அந்த வேலைக்குப் பேர் போன குனியோஷி, பேனா போலப் பிடித்து வண்ணம் பீச்சும் ஏர்பிரஷ் ஒன்றை, இந்த வருஷத்தில் மூன்றாவதாக, வாங்க வந்திருந்தார்.

"போன தடவ வாங்கினது என்ன ஆச்சு? அதுக்குள்ள இருந்த ஊசியத் தின்னுட்டீங்களா?" என்று சிரித்தாள் கடைக்காரி தோக்கியே.

"அதுல கோடு நெளியுது, தோக்கியே சான். இன்னும் மெல்லிசா அடிக்கிறது குடுங்க."

அவள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, அடித்துப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் துண்டையும் நீட்டினாள். குனியோஷி மூச்சைப் பிடித்துக்கொண்டு கறுப்புக் கோடு ஒன்றை இழுத்தார். அது காய்ந்ததும் அவசர அவசரமாக அதன்மேல் வெள்ளையை அடித்து மூடினார். "பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

தோக்கியே துண்டைத் திருப்பினாள். கோடு மண்புழுவாய் நெளிந்து கிடந்தது.

"டாக்டர்கிட்ட போனீங்களா?" என்றாள் மெதுவாக.

"போனா நோவுக்கு ஒரு பேரு வச்சிருவாரு. அப்புறம் எந்தப் பந்தயக்காரன் என்கிட்ட கூடு குடுப்பான்?" நடுங்கிய வலக்கையை இடக்கையால் அமுக்கிக்கொண்டார்.

அவள் ஏர்பிரஷ்ஷை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினாள். "இத நான் விக்க மாட்டேன். கடையச் சாத்திட்டு வர்றேன், ரெண்டு பேருமா போவோம்."

குனியோஷி அந்தத் துண்டைக் கையில் எடுத்தார். "இதக் காட்டினாப் போதுமா?"