கன்ட்ரோல் தட்டு

மூன்றாவது முறையும் சோதனை முடிவு வரவில்லை என்று டாரில் வந்து நின்றபோது, மார்னிக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொரு டிகிரி குளிர். கார் கிளம்பாமல் பஸ்ஸுக்கு நின்றதில் கால்விரல்கள் இன்னும் மரத்துக் கிடந்தன. ஆய்வுக் கட்டுரையை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அது போனால்தான் மார்ச்சில் டாக்டர் பட்டத் தேர்வு. அது முடிந்தால்தான் ஹாலிஃபாக்ஸில் சொல்லி வைத்திருக்கும் வேலை. அனுப்புமுன் சோதனையை வேறொரு கையும் செய்து பார்க்கட்டும் என்று பேராசிரியர் ஏப் ரெம்பல் சொல்லப்போக, அந்த வேறொரு கை இந்த மனிதருடையதாக அமைந்து தொலைத்தது. பதினாறு வருடம் பால் கம்பெனியில் பால் சோதித்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்தவர். எதையும் சீழ்க்கை அடித்துக்கொண்டே ஆமை வேகத்தில் செய்வார்.

"ரெண்டு தட்டும் ஒரே மாதிரிதான் இருக்கு," என்றார்.

"எனக்கு நாப்பது தடவை வந்திருக்கு. உங்களுக்கு வரலைன்னா செல்லு என்ன பண்ணும்? பாலுன்னு நெனச்சுக் கலக்கி எடுத்திருப்பீங்க."

"பாலை மட்டும் வம்புக்கு இழுக்காத. நீ குடுத்த தாள்ல இருக்கறபடி வரி தப்பாம செஞ்சேன், தாயே."

விஷயம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. எலியின் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கும் இந்தச் செல்கள் உருண்டை உருண்டையாகப் பெருகிக்கொண்டே இருக்கும். நரம்புச் செல்லாக மாற அவற்றுக்குத் தெரியும். ஆனால் உள்ளே ஒரு கைனேஸ் உட்கார்ந்திருக்கிறது. மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி ஒட்டி உத்தரவு போடுகிற புரதம். அது மாற விடாது என்பதுதான் மார்னியின் கட்சி. ஒரு மருந்தால் அதன் வாயை அடைத்துவிட்டால், நாலே நாளில் செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டுக் கை நீட்டத் தொடங்கும். மருந்து போட்ட தட்டில் கை. மருந்து போடாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கன்ட்ரோல் தட்டில் உருண்டை. ஐந்து வருடமாக அவள் எண்ணியது இதைத்தான். எண்ணி எண்ணிக் கழுத்துவலி நிரந்தரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் செல்லுக்குச் சாப்பாடு மாற்ற ஓடுகிறாளே என்று சலித்துப்போய், கூட இருந்தவன் பெட்டி கட்டிக்கொண்டு போனதும் இதனால்தான்.

"என் எதிர்ல செய்யுங்க. எங்க கோட்டை விடறீங்கன்னு பாத்துடறேன்."

டாரில் கையுறை மாட்டி, மேடையைத் துடைத்து, துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைத்தார். மார்னி பல்லைக் கடித்துக்கொண்டாள். முதல் தட்டில் மருந்தை அளந்து விட்டார். பிறகு வேறொரு சின்னக் குப்பியைத் திறந்து, அதே அளவை இரண்டாவது தட்டிலும் விட்டார்.

"நில்லுங்க, நில்லுங்க! கன்ட்ரோல்ல என்னத்த ஊத்தறீங்க?"

"கரைப்பான்."

"எதுக்கு?"

"மருந்து இதுலதானே கரைஞ்சிருக்கு? அந்தத் தட்டுக்கு மருந்தோட இதுவும் போகுது. அப்போ இந்தத் தட்டுக்கும் போகணும்ல? மருந்து ஒண்ணுதான் வித்தியாசமா இருக்கணும்."

"ஐயோ கடவுளே! கன்ட்ரோல்னா ஒண்ணுமே போடக் கூடாதுங்க! ஒண்ணுமே போடாததுக்குத்தான் கன்ட்ரோல்னு..."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

முதல் மூன்று வருடம் அவள் வைத்திருந்த மருந்து, செல் கிடக்கும் திரவத்திலேயே கரைவது. அப்போது ஒன்றும் போடாததுதான் சரியான கன்ட்ரோல். அதில் முடிவும் அரைகுறையாகத்தான் வந்தது. பிறகு வந்த புது மருந்து கரைப்பானில்தான் கரையும். நோட்டில் மருந்தின் பெயரை மாற்றினாள், அளவை மாற்றினாள். 'கன்ட்ரோல்' என்ற ஒற்றைச் சொல்லை மாற்ற என்ன இருக்கிறது? முடிவு அமோகமாக வந்தது. இந்தக் கரைப்பானே சில வகைச் செல்களைக் கை நீட்ட வைத்துவிடும் என்பது முதல் வருடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவர்களுக்குப் பாடம் எடுத்தவளே அவள்தான்.

"டாரில், ரெண்டும் ஒரே மாதிரின்னீங்களே. எந்த மாதிரி?"

"ரெண்டுலயும் கை முளைச்சிருக்கு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"எங்க சொல்ல விட்ட? வாயத் தொறந்தாலே பாலுக்குப் போயிடற."

செல் வளர்க்கும் பெட்டியிலிருந்து போன வாரத்துக் கன்ட்ரோல் தட்டை அவரே எடுத்து வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். மார்னி குனிந்தாள். கரைப்பான் மட்டும் விட்ட, மருந்தின் வாசனைகூடப் படாத செல்கள். நாலாபக்கமும் கை நீட்டிக்கொண்டு கிடந்தன. மருந்துக்கும் ஏதோ கொஞ்சம் பங்கு இருக்கலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணினால் தெரியும். நாலு மாதமாவது ஆகும்.

கதவில் பேராசிரியர் ஏப்பின் தலை தெரிந்தது. "என்ன மார்னி, அனுப்பியாச்சா?"

"இல்ல. என்கிட்ட கன்ட்ரோலே இல்ல, ஏப்."

"அது இந்த மாடிக்கே தெரிஞ்ச கதையாச்சே!" என்று அவர் பெரிதாகச் சிரித்தார். டாரிலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன ஆச்சு?"

மார்னி மறுபடி குனிந்துகொண்டாள். ஓரமாக ஒரு செல் தனியே கிடந்தது. அதன் கை நூலிழையாய் நீண்டு, கண்ணுக்குத் தெரிகிற வட்டத்தைத் தாண்டிப் போயிற்று. இத்தனை அழகாகவா வளர்ந்து தொலைக்க வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது. குமிழைத் திருகித் தட்டை நகர்த்தினாள். கை இன்னும் போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் நகர்த்தினாள்.