ஹெஸ்டர் சண்டை போடாத ஆள்

ஹெஸ்டர் அம்மாள் செத்தும் அடங்கவில்லை. யார்க்‌ஷயர் மலைச்சரிவில் இருந்த தன் கல்வீட்டை அண்ணன் மகள் ஜூடித்துக்கு எழுதிவைத்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பைப் பக்கத்துப் பண்ணை கிளிஃபர்ட்டின் தலையில் கட்டினார். அதோடு விட்டாரா? கூரையைச் செப்பனிட கிளிஃபர்ட் ஒன்பதாயிரம் பவுண்டு வரை கடன் வாங்கலாம், அதுவும் தன்னோடு ஒருமுறைகூடச் சண்டை போடாதவரிடம்தான் வாங்க வேண்டும் என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தார்.

கூரை ஏற்கெனவே ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. பனி விழுவதற்குள் கல் ஓடு மாற்றாவிட்டால் ஜூடித்துக்கு மிஞ்சுவது நாலு சுவர்தான். அந்த நிபந்தனையை மீறி வாங்கும் கடன் வீட்டுக் கணக்கில் சேராது, கிளிஃபர்ட் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும் என்று வக்கீல் ஆல்டர்சன் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

கிளிஃபர்ட் வீடு வீடாக ஏறி இறங்கினார். கடன் கொடுக்க எல்லோரும் தயார். சண்டையை விட்டுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஆட்டு வைத்தியர், தன்னைக் கோடாலிக்கை என்று ஹெஸ்டர் திட்டிய தேதியைச் சொன்னார். பாதிரியார், பிரசங்கத்தின் நடுவில் தன்னை உட்காரச் சொன்னதைப் பெருமையாகச் சொன்னார். கறிக்கடை நார்மனோ, தன் தொத்திறைச்சியை ஹெஸ்டர் கடைவாசலிலேயே நாய்க்குப் போட்ட கதையை இரண்டு தடவை சொன்னார். அந்த ஊரில் ஹெஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவனை யாரும் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை.

அப்படி ஒரே ஒருவர் இருந்தார். அது கிளிஃபர்ட்தான். ஆடு விற்ற பணம் அவரிடம் இருந்தது. ஆனால் மதில் கல்லுக்காக ஹெஸ்டர் தன்னைக் கிழித்துத் தோரணம் கட்டியதாக முப்பது வருஷமாக பப்பில் அளந்து வந்திருந்தார். இப்போது உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும். நினைக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை வக்கீல் அலுவலகத்தில் ஜூடித் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வேடிக்கை பார்க்க நார்மனும் வந்திருந்தார். கடன் கிடைக்காததால் வீட்டை விற்றுவிடலாம் என்று வக்கீல் காகிதத்தை எடுத்தார். மழைக்குப் பயந்து கட்டிலைச் சமையலறைக்கு மாற்றிவிட்டதாகவும், இருந்தாலும் அந்த வீட்டை விட மனசில்லை என்றும் ஜூடித் மெதுவாகச் சொன்னாள். கிளிஃபர்ட்டால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"வட்டியில்லாம நான் தரேம்மா," என்றார்.

"உனக்குத்தான் அந்த மதில் சண்டை இருக்கே," என்றார் நார்மன்.

"அது புளுகு. நாப்பது வருஷத்துல அவங்க என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல."

வக்கீல், அதை எழுத்தில் கொடுத்தால் போதும், உயிலை நிறைவேற்றுபவரே கடன் கொடுப்பதால் ஜூடித்தும் சம்மதித்துக் கையெழுத்துப் போடட்டும் என்றார். ஜூடித் உடனே போட்டாள். நார்மன் சிரிப்பார் என்று கிளிஃபர்ட் காத்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"நாப்பது வருஷமா ஒரு சண்டைகூட இல்லையா? அப்புறம் ஏண்டா, கட்டிக்கிறியான்னு ஹெஸ்டரை நீ கேக்கவே இல்ல?"

கிளிஃபர்ட் பேனாவைக் கையில் எடுத்தார்.

"கேட்டா சண்டை வந்துடுமோன்னு பயந்துட்டேன்," என்றார்.