மூணு டன் போதும்

அச்சகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மருந்துப் பெட்டிக்குள் நாலாக எட்டாக மடித்து ஒரு தாள் வைக்கிறார்களே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், அதில் பிழை பார்ப்பதுதான் பதினெட்டு வருடமாக அவள் வேலை. ஒரு புள்ளி விட்டுப்போனால் பத்து மில்லிகிராம் நூறாகிவிடும். அதனால் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எதையும் அவள் சட்டென்று நம்புவதில்லை. கீழே பொடியெழுத்தில் என்ன சொல்லியிருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் மேலே வருவாள்.

இந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் அச்சகத்தோடு சரி. வீட்டு விஷயம் என்று வந்தால் அண்ணன் சொல்வதுதான் முடிவு. அவள் ஓட்டும் ஸ்கூட்டர், ஹாலில் கிடக்கும் சோபா, ஏன், மூக்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியின் ஃபிரேம்கூட அவர் தேர்ந்தெடுத்ததுதான். அண்ணன் கெட்டவர் இல்லை. யார் வீட்டில் எது பழுதானாலும் அவருக்கு ஒரு ஆளைத் தெரியும். அந்த ஆளைக் கையோடு அழைத்து வந்து நிறுத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். ஏழு வருடத்துக்கு முன்னால் நரம்பில் ஒரு நோய் வந்தது. உடம்பு கொஞ்சம் சூடேறினால் போதும், கால் இரண்டும் சொன்ன பேச்சு கேட்காது. குளிர்ந்தால் மெல்ல வழிக்கு வரும். அவருக்காகத்தான் வீடு முழுக்கக் குழாய் வழியே குளிர்காற்று போகும் ஏற்பாட்டைச் செய்தார்கள். பின்சுவருக்கு வெளியே கம்ப்ரசர். ஹாலையும் படுக்கையறையையும் இணைக்கும் நடைக்கு மேலே, ஃபால்ஸ் சீலிங்குக்குள், ஏர் ஹேண்ட்லர் என்கிற நீளமான தகரப் பெட்டி. வீட்டுக் காற்றை உள்ளே இழுத்து, காயில் என்கிற செப்புக் குழாய்ச் சுருளில் குளிரவைத்து, அறை அறையாக ஊதி அனுப்புவது அந்தப் பெட்டிதான்.

கோடை உச்சத்தில் இருந்தபோது அது காலை வாரிவிட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடையில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் எல்லா அறையிலும் வெந்நீர் ஆவி மாதிரி காற்று.

தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்தார். அவர் பேச்சு எப்போதும் துண்டு துண்டாகத்தான் வரும்.

"காயில்ல ஓட்டை. அடைக்கலாம்... நிக்காது. அடித்தட்டும் துரு."

"அப்ப புதுசுதானா?"

"உள்பெட்டி மட்டும். வெளிய இருக்கறது... நல்லாத்தான் ஓடுது."

மறுநாள் காலையிலேயே அண்ணன் வந்துவிட்டார். கூடவே ஒரு பெரிய ஷோரூமின் விற்பனையாளர், அந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு. டைக்காரர் உள்ளே வந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"மேடம், வீட்ல முடிவெடுக்கறது யாரு?"

"அவங்ககிட்டதான் பேசிட்டிருக்கீங்க."

அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். பிறகு பேச்செல்லாம் அண்ணனோடுதான். நாலு டன் மாடல். விசிறி தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். போனிலேயே இயக்கலாம். வெளியே இருக்கும் மூணு டன் கம்ப்ரசர் இதற்கு ஒத்துவராது, அதையும் மாற்றிவிட வேண்டியதுதான்.

"கம்ப்ரசர் நல்லாத்தானே ஓடுது? வாங்கி அஞ்சு வருஷம்கூட ஆகல" என்றாள்.

"மேடம், சாரோட உடம்புக்காகச் சொல்றேன். அவர் மேல அக்கறை இருக்கறவங்க இதுக்குக் கீழ யோசிக்கவே மாட்டாங்க."

படுக்கையறையில் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாளித் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்த கணவருக்கு அது கேட்டிருக்கும். அவளுக்குக் காது மடல் சுட்டது. ஏழு வருடமாக மாத்திரை நேரம் தவறாமல் எழுந்திருப்பவள் அவள். குளியலறைச் சுவரில் பிடிகம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று தானே நின்று அளந்து அடிக்கவைத்தவள். அந்த அக்கறைக்கு இந்த மனிதர் டன் கணக்கில் விலை வைக்கிறார்.

"உங்க கையேடு இருக்கா? முழுசு. பளபளன்னு படம் போட்டது வேண்டாம்."

"அதெல்லாம் டெக்னிக்கல் மேடம்."

"பரவால்ல. எனக்குப் படிக்கத் தெரியும்."

அண்ணன் அவளை விநோதமாகப் பார்த்தார். டைக்காரர் வேண்டாவெறுப்பாகப் பையிலிருந்து தடிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மேலே ஏறி அந்தப் பெட்டியை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எந்த அறையையும் அளக்கவும் இல்லை.

வியாழக்கிழமை மதிய உணவு இடைவேளையில், அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷின் சத்தத்துக்கு நடுவே, அவள் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பாதிக்குமேல் புரியவில்லை. ஆனால் அட்டவணை என்றால் அட்டவணைதான். மருந்தின் அளவாக இருந்தாலும் காற்றின் அளவாக இருந்தாலும் படிக்கும் முறை ஒன்றே. கடைசியிலிருந்து மூன்றாவது பக்கத்தில் எந்த உள்பெட்டிக்கு எந்தக் கம்ப்ரசர் பொருந்தும் என்று ஒரு பட்டியல் இருந்தது. அவள் வீட்டுக் கம்ப்ரசரின் எண் அதில் இருந்தது. அதற்கு நேரே அதே கம்பெனியின் சாதா மாடல், மூணு டன், விலை குறைவான வரிசையில் வருவது. டைக்காரர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

நாலு டன் மாடலுக்கு அடியில் ஒரு குட்டி நட்சத்திரம். நட்சத்திரத்தைத் தேடிப்போனால் பக்கத்தின் அடியில் ஒரு வரி: குழாய்களில் அழுத்தம் இன்ன அளவைத் தாண்டினால் மேலே சொன்ன பலன் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

"அடப்பாவி" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்து மேசைக்காரர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துச் சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடினார்.

சாயங்காலம் வழியில் ஒரு சின்னக் கடையிலும் விசாரித்தாள். அங்கே அதைவிடவும் மலிவாக ஒரு பெட்டி இருந்தது. எந்தக் கம்ப்ரசருக்குப் பொருந்தும் என்று கேட்டால், "எல்லாத்துக்கும் போகும்க்கா" என்றார் கடைக்காரர். தட்டில் தண்ணீர் நிரம்பினால் மிஷினைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்டாள். "அதெல்லாம் எதுக்கு?" என்றார். அவள் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தாள். மெக்கானிக்கை வரவழைத்து, குழாயில் அழுத்தம் அளக்கச் சொன்னாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "யாரும் இதக் கேட்டு... அளக்கலாம். தாராளமா."

காயில்தான் போயிருந்தது, விசிறி ஓடியது. விசிறியை மட்டும் போட்டுவிட்டு, தகரத்தில் சின்னத் துளையிட்டு மீட்டரின் குழலைச் செருகினார். முள் ஏறிக்கொண்டே போய், கையேட்டின் அடிக்குறிப்பில் சொன்ன அளவைத் தாண்டியது.

"மூச்சுத் திணறுது. காத்த இழுக்கற சல்லடை சின்னது. பெருசாக்கணும்."

"நாலு டன் பெட்டி போட்டா?"

"இன்னும் ஜாஸ்தி காத்து கேக்கும். கிடைக்காது. கத்தும்."

பிறகு அவர் ஏணியில் ஏறி சீலிங்குக்குள் தலையை விட்டார். ஐந்து நிமிடம் டார்ச்சை அங்குமிங்கும் திருப்பினார். "அக்கா, நீங்களே வந்து பாத்துருங்க" என்றார். அன்றைக்கு அவர் துண்டு போடாமல் பேசியது அதை மட்டும்தான். அவர் இறங்கியதும் அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது: படுக்கையறைக்குப் போகும் குழாய், பெட்டியோடு சேரும் இடத்தில் ஒட்டியிருந்த டேப் காய்ந்து உரிந்து, முக்கால்வாசி விலகித் தொங்கியது. காற்று முழுக்க சீலிங்குக்குள் ஊதிக்கொண்டிருந்தது. அங்கே வாழ்ந்த பல்லிகளுக்கு இத்தனை நாளும் ராஜ வாழ்க்கை.

"இது எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு கோடை... இருக்கும்."

இரண்டு கோடையாக அந்த அறை மட்டும் ஏன் குளிரவில்லை என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன மிஷின் வாங்கி வைத்திருந்தாலும் பல்லிக்குத்தான் போயிருக்கும்.

அவள் ஏணியிலிருந்து இறங்க ஆரம்பித்தபோது கீழே ஏதோ சரியும் சத்தம். கணவர் தண்ணீர் எடுக்க எழுந்து வந்தவர், நடையில் சுவரோடு சுவராகச் சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் இல்லை. ஆனால் கால் அசையவில்லை. அவளும் மெக்கானிக்குமாக அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்து, பின்கழுத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணனும் டைக்காரரும் உள்ளே நுழைந்தார்கள்.

"பாத்தியா? பாத்தியா?" அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். "நீ புஸ்தகம் படிச்சிட்டிருக்க, மாப்பிள்ள விழுந்து கெடக்கறாரு! இதுக்குத்தான் நானே உன் பேர்ல ஆர்டர் போட்டுட்டேன். நாலு டன். கையெழுத்தும் நானே போட்டாச்சு. இன்னிக்கே வந்து மாட்டிருவாங்க."

டைக்காரர் படிவத்தை நீட்டினார். அவள் பெயர், அவள் முகவரி, அண்ணனின் கையெழுத்து.

ஒரு நிமிடம் அவளுக்கும் மனசு ஆட்டம் கண்டது. சரி என்று சொல்லிவிட்டால் சாயங்காலத்துக்குள் ஏதோ ஒரு குளிர்காற்று வரும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. பலிக்காவிட்டால் பழி அண்ணனுக்கு. நாற்பத்தாறு வயதுவரை அவள் அப்படித்தான் தப்பித்து வந்திருந்தாள்.

கணவரைப் பார்த்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "மச்சான், நான் நோயாளிதான். இவரு மிஷின் விக்கறதுக்கு விளம்பரப் பலகை இல்ல. அவ என்ன சொல்றாளோ அது."

அவள் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். படிவத்தை வாங்கி, மாடல் எண்ணின் மேல் ஒரு கோடு. நாலு டன்னின் மேல் ஒரு கோடு. கம்ப்ரசர் என்று இருந்த வரி முழுவதையும் வளைத்து, அச்சகத்தில் செய்வது போலவே, நீக்கக் குறி. கடைசியாக அண்ணனின் கையெழுத்தை அடித்து, பக்கத்தில் 'இது என் கையெழுத்து இல்லை' என்று எழுதினாள்.

"என்ன மேடம் இது!"

"பிழைதிருத்தம். இதே கம்பெனியில மூணு டன் சாதா மாடல் இருக்கு, என் கம்ப்ரசருக்குப் பொருந்தும்னு உங்க புஸ்தகத்துலயே போட்டிருக்கு. கடைசியிலிருந்து மூணாவது பக்கம். ஏன் சொல்லல?"

"அது... பட்ஜெட் கஸ்டமர்களுக்கு மேடம். உங்கள மாதிரி..."

"என்னை மாதிரி ஆளுங்க அடிக்குறிப்பும் படிப்பாங்க. எங்க குழாய் அழுத்தத்துக்கு உங்க நாலு டன் உத்தரவாதம் செல்லாது. மீட்டர் அதோ இருக்கு, நீங்களே பாருங்க. மேலயும் ஏறிப் பாருங்க, குழாய் கழண்டு தொங்குது. முந்தாநாள் நீங்க ஏறியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

டைக்காரர் ஏணியைப் பார்த்தார். தன் சட்டையைப் பார்த்தார். ஏறவில்லை.

"எங்ககிட்ட வாங்கலன்னா சர்வீசுக்கு நாங்க பொறுப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

அண்ணன் மட்டும் நின்றார். முகம் சிவந்திருந்தது. "வெளியாள் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டல்ல? உனக்கு நல்லது செய்ய வந்தேன் பாரு."

"நல்லது செய்யறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ண்ணா. வீடு என்னுது. விழுந்து கெடந்தவர் என் புருஷன். தப்பாப் போனா நான் தப்பு பண்ணேன்னு இருக்கட்டும்."

"இனிமே இந்த வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளு."

"கேக்க மாட்டேன். வந்தா சாப்பாடு போடுவேன்."

அவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். மெக்கானிக் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குழாயை ஒட்ட மேலே ஏறினார்.

மூணு டன் பெட்டி, மெக்கானிக்குத் தெரிந்த வேறொரு கடையிலிருந்து, சனிக்கிழமை வந்தது. மெக்கானிக்கும் அவர் கூட்டாளியும் இரண்டு நாள் வேலை செய்தார்கள். நடையில் சல்லடையைப் பெரிதாக வெட்டினார்கள். ஒவ்வொரு குழாய் மூட்டிலும் பசை பூசி அடைத்தார்கள். தட்டுக்குத் தண்ணீர் சுவிட்ச் வைத்தார்கள். மிச்சம் பிடித்த பணம் அதற்கெல்லாம் போயும் மீதி இருந்தது. கடைசியில் மீட்டரை மறுபடி செருகியபோது முள் பாதி வழியிலேயே நின்றது.

திங்கட்கிழமை உச்சி வெயில் நேரத்தில் அவள் அச்சகத்திலிருந்து போன் செய்தாள். மணி வெகுநேரம் அடித்தது.

"எங்க போனீங்க?"

"அடுப்படியில இருந்தேன். நானே எழுந்து போயி காபி போட்டேன். நின்னுட்டே குடிச்சேன்" என்றார் கணவர். "சர்க்கரை அதிகம் போட்டுட்டேன்" என்றார் பிறகு.

அவள் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, விட்ட வரியிலிருந்து வேலையைத் தொடர்ந்தாள்.

அண்ணன் ஐந்து வாரம் வரவில்லை. ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, போனும் செய்யாமல், வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். மாப்பிள்ளையை விசாரித்தார். சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு நடையில் போய் நின்று தலையை உயர்த்தி, புதுச் சல்லடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது விலை குறைந்த மாடல்தானே, விசிறி ஓடுவது அங்கே நின்றால் நன்றாகவே கேட்கும்.

"சத்தம் வருதே" என்றார்.

"வரும்ண்ணா."

"அந்த நாலு டன் போட்டிருந்தா சத்தமே இருந்திருக்காது."

"எனக்கு இந்தச் சத்தம் போதும்" என்றாள். "மோர் வேணுமா?"

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "உப்புக் கொஞ்சம் கம்மியா போடு" என்றார்.

"நான் போடற மாதிரிதான் போடுவேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் அடுப்படிக்குள் போனாள்.