டீக்கடை பெஞ்சில் ஆவுடையப்பனின் மூச்சு

ஆவுடையப்பன் தூங்கும்போது அவருடைய மூச்சு எழுந்து வெளியே போய்விடும். மில்லில் அவருக்கு எப்போதும் ராத்திரி ஷிப்ட் என்பதால் காலை எட்டு மணிக்குப் படுப்பார். குறட்டை வீட்டையே தூக்கும். திடீரென்று சத்தம் நின்றால், மூச்சு வாசலைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நேரே தெருமுனை டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். மனைவி பேச்சியம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்க் கூட்டிவருவாள்.

போன வருஷம் ஒரு காலைப்பொழுதில் நாலைந்து தடவை போனது. இந்த வருஷம் மணிக்கு முப்பது தடவை. நடந்து நடந்து அவளுக்குத்தான் கால் வீங்கியது. மூச்சுக்கென்ன, அது பாட்டுக்குப் போகும்.

டாக்டர் ஆவுடையப்பனின் கழுத்தை டேப் வைத்து அளந்தார்.

“கழுத்துல சதை போட்டிருக்கு. அசந்து தூங்கும்போது நாக்கு பின்னால சரிஞ்சு வழியை அடைச்சிருது. மூச்சுக்கு இருக்க இடமில்ல, கிளம்பிருது. அது வர்ற வரைக்கும் இதயம் தனியாக் கிடந்து அல்லாடுது. பிரஷர் ஏறுறது, எந்திரிச்சதும் தலைவலி, வேலையில நின்னுக்கிட்டே தூங்குறது எல்லாம் அதனாலதான். மூக்குல மாட்டுற மெஷின் ஒண்ணு எழுதித் தரேன்.”

“மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுற மாதிரியா? எனக்கு வேண்டாம் சார்” என்று ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

டாக்டர் பேச்சியம்மாளிடம் திரும்பினார். “அப்போ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. எவ்வளவு தூரம் போயிருந்தாலும் வந்துரும்.”

அவள் தரையைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவாள். வீட்டிலும் சரி, டீக்கடையிலும் சரி, “ஏங்க”தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பெஞ்சு காலியாக இருந்தது.

“பஜார் பக்கமாப் போச்சேக்கா. கூட நாலஞ்சு மூச்சு சேர்ந்து போச்சு” என்றார் டீக்கடைக்காரர்.

பேச்சியம்மாள் ஓடினாள். அவருடைய உதடு நீலம் பாரித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். பஜாரில் மூச்சுகள் வெயிலில் கும்பலாக நின்றன. மூச்சுக்கு முகம் கிடையாது. எது யாருடையது என்று பெற்றவளுக்கே தெரியாது. பெயர் அவள் தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. “ஏங்க!” என்று கத்தினாள். அத்தனை மூச்சும் திரும்பிப் பார்த்தன. ஒன்று மட்டும் அவளோடு கிளம்பி வந்தது.

கொண்டுபோய் விட்டாள். அவருடைய நெஞ்சு ஏறி இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து, போன உயிர் திரும்பியது என்று அழுதாள்.

மூன்று மணிக்கு எழுந்தவர் காபியில் சர்க்கரை வேண்டாம் என்றார். பிறகு, “பாப்பா பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்துட்டாளா?” என்று கேட்டார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை.

“வந்துருவா” என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் பஜாருக்குப் போனாள். நட்டநடுவில் நின்று, “ஆவுடையப்பன்! ஆவுடையப்பன்!” என்று கூப்பிட்டாள். வெட்கமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் கூப்பிட்டாள். காலையிலேயே ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்த மனுஷன் வந்திருப்பார். அதை நினைத்து நினைத்து வழிநெடுக அழுதுகொண்டே வீடு திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை, வாசலில் ஓர் இளம்பெண் ஆறு வயதுப் பெண் குழந்தையோடு நின்றாள். புதன்கிழமைதான் அவளுடைய கணவரை எடுத்திருந்தார்கள்.

“செவ்வாக்கிழம தூக்கத்துல வெளிய போனவர் திரும்பி வரலக்கா. அன்னிக்கு பஜார்லேர்ந்து நீங்க ஒரு மூச்சக் கூட்டிட்டு வந்தீங்களாம், இங்க இருக்காருன்னு டீக்கடையில சொன்னாங்க.”

பேச்சியம்மாள் நகர்ந்து வழிவிட்டாள்.

உள்ளே குறட்டை நின்றது. மூச்சு எழுந்து நிலைப்படி வரைக்கும் வந்தது.

“அப்பா, உள்ள போ” என்றது குழந்தை.

மூச்சு திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. அந்தப் பெண் தலைமாட்டில் உட்கார்ந்து, குழந்தைக்குப் பல் விழுந்த கதையை மூச்சிடம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். பேச்சியம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். பாதங்கள் அவளுடைய புருஷனுடையவைதான். மூன்று மணி வரைக்கும் அப்படியே இருந்தார்கள்.